புலிக்கு ஒத்திகை

"கை எங்கே?" என்று கேட்கிறார் நாகேஸ்வரன்.

"அடியிலே" என்கிறார்கள் எல்லோரும் தாழ்ந்த குரலில்.

"எதுக்கு அடியிலே?"

"தொடைக்கு அடியிலே."

ஞாயிற்றுக்கிழமை காலை. திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் புலியின் வேலிக்கு எதிரே, சிமென்ட் பெஞ்சிலும் அதன் முன்னால் விரித்த செய்தித்தாள்களிலுமாக, நகரின் கரமனைப் பகுதியைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் இரண்டு கைகளும் அவரவர் தொடைக்கு அடியில் அமுங்கிக் கிடக்கின்றன. குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் புலியை விட்டுவிட்டு இவர்களை வேடிக்கை பார்க்கிறது. வேலியில் சாய்ந்து, புலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் நாகேஸ்வரன். தலையில் ஜெய்ப்பூரில் வாங்கிய காக்கித் தொப்பி, அதற்குக் கீழே மூன்று விரல் விபூதி. அவர் கண் முழுக்க அந்தக் கைகளின் மேல்தான். பின்னால் புலி என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது யோகாசன வகுப்பு இல்லை. வேண்டுதலும் இல்லை. நாகேஸ்வரன் நடத்தும் வட இந்தியச் சுற்றுலாவுக்கான ஒத்திகை இது. ஒத்திகைக்கு வராதவர்களுக்கு ரயிலில் இடம் கிடையாது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து, முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவர் அவர். டிசம்பர் பிறந்தால் கரமனைத் தெருக்களிலும் திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளும் ஆள் சேர்த்து, கேரளா எக்ஸ்பிரஸில் ஏற்றி வடக்கே கொண்டுபோகிறார். டெல்லி, ஆக்ரா, பதேபூர் சிக்ரி, பிறகு ரண்தம்போர் காடு, அதன் பிறகு ஜெய்ப்பூர். கோட்டை, கல்லறை, அரண்மனை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு புலி. இந்த வரிசையை யார் மாற்றச் சொன்னாலும் மாற்ற மாட்டார். ஏன் என்று நான் கேட்டபோது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"தாஜ்மஹால் எங்கயும் ஓடிப்போகாது, சார். வெள்ளிக்கிழமை மட்டும் பூட்டுவான், அதை நாம பாத்துண்டாப் போறும். புலி அப்படியா? அது வரேன்னு யாருக்கும் வாக்குக் குடுக்கல்லே. அதனாலதான் முன்னால ஆக்ரா. தாஜைப் பாத்துட்டு வந்தவாளுக்கு மனசு நெறஞ்சிருக்கும், புலி வரல்லேன்னாலும் சண்டைக்கு வரமாட்டா. பின்னால ஜெய்ப்பூர். புலி காணாத துக்கத்துக்கு அங்கே வளையல் கடை உண்டு, கேட்டேளா."

ஒரு வருஷம் டிக்கெட் கிடைக்காமல் காட்டை முதலில் வைத்துவிட்டாராம். புலி வரவில்லை. அந்தக் குழு தாஜ்மஹாலின் முன்னால் போய் நின்று, 'வெள்ளையாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டது. அந்த வருஷத்தைப் பற்றி அதிகம் பேசுவதற்கு அவருக்குப் பிடிப்பதில்லை.

புலி என்ற சொல்லையும் அவர் காட்டில் யாரையும் சொல்ல விடுவதில்லை. அவர் குழுவில் புலிக்குப் பெயர் மாப்பிள்ளை. விடியற்காலையில் குளித்து, உடுத்தி, திறந்த வண்டியில் ஏறி, வருவாரா மாட்டாரா என்று எல்லோரும் காத்திருப்பதால் அந்தப் பெயர் என்று நினைக்கிறேன். "மாப்பிள்ளை எப்போ வருவார்னு பொண்ணாத்துக்காரா கேக்கப்படாது. இலை போட்டாச்சா, கோலம் போட்டாச்சான்னு நம்ம காரியத்தைப் பாத்துண்டு இருக்கணும்" என்பார். காட்டில் என்ன இலை, என்ன கோலம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

சுற்றுலாவில் வரும் ஒவ்வொன்றுக்கும் திருவனந்தபுரத்தில் ஒரு மாற்று கண்டுபிடித்திருக்கிறார். ஜெய்ப்பூர் அரண்மனைகளுக்குப் பதிலாக இங்குள்ள பழைய அரண்மனையான குதிரை மாளிகை. அங்கே குழுவைக் கூட்டிக்கொண்டு போய், கைடு பேசும்போது குறுக்கே பேசாமல் இருக்கவும், சுவரைத் தொடாமல் நடக்கவும், வாசலில் விட்ட செருப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் பழக்குகிறார். ரண்தம்போர் கோட்டைப் படிகளுக்குப் பதிலாக மிருகக்காட்சிசாலை வளாகத்து மியூசியம் ஏற்றம். கேட்டில் இருந்து பேண்டு மேடை வரை எல்லோரையும் ஏறவிட்டு, மேலே நின்றுகொண்டு யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பார். மூச்சு வாங்குகிறவர்கள் அங்கே போனதும் மற்றவர்களுக்கு முன்னாலேயே கோட்டை ஏறப் புறப்பட்டுவிட வேண்டும். குளிருக்கு மட்டும்தான் இந்த ஊரில் ஒத்திகை இல்லை. "ஐஸ்கிரீம் கடையில கொண்டுபோய் உக்கார வச்சுப் பாத்தேன். போறல்லே" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே செய்து பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

உடுப்பிலும் கண்டிப்பு உண்டு. காட்டுக்குப் போகும் அன்று கிளிப்பச்சை, அரக்கு, வாடாமல்லி எதுவும் கூடாது. மல்லிகைப்பூ கூடாது. கண்ணாடி வளையல் ஜெய்ப்பூர் போகும் வரைக்கும் கிடையாது. குரங்குக் குல்லா போட்டுக்கொள்ளலாம், ஆனால் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு மாமி ஆரஞ்சு நிறக் குல்லாயுடன் ஒத்திகைக்கு வந்து, அதைக் கழற்றிப் பைக்குள் வைத்த பிறகுதான் உட்கார அனுமதிக்கப்பட்டார்.

இத்தனையிலும் கை விஷயம்தான் தலையானது. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

தொண்ணூற்றாறாம் வருஷம். அப்போது நாகேஸ்வரன் காசிக்கும் கயைக்கும் மட்டுமே ஆள் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ரயில் டிக்கெட் குளறுபடியாகி, குழு டெல்லியில் சும்மா தங்க வேண்டியதாயிற்று. ராஜஸ்தானில் ஒரு பழைய கோட்டைக்குள் மூன்று கண் பிள்ளையார் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் பஸ் ஏறாதவர்கள் இதை விடுவார்களா? கிளம்பிவிட்டார்கள். கோட்டை காட்டுக்குள் இருக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தரிசனம் முடிந்து ஜீப்பில் இறங்கி வரும்போது, ஒரு வளைவில், புதரை விலக்கிக்கொண்டு ஒரு புலி ரோட்டுக்கு வந்து நின்றது.

அப்போது அந்த ஜீப்பில் நடந்தது கரமனைக்காரர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. சன்னிதியில் திரை விலகினால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, 'பிள்ளையாரப்பா' என்று ஒரே குரலில் சொல்லி, இரண்டு கையாலும் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபோது எதிர்ப் புதருக்குள் வால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வால் பார்த்தவர்கள் என்று ஒரு தனிக் கூட்டமே கரமனையில் இன்றும் உண்டு. கல்யாண வீடுகளில் அவர்களுக்கு ஒரு மரியாதை. ஊருக்குத் திரும்பிய பிறகு கயையைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. அடுத்த வருஷம் வருகிறோம் என்று வந்தவர்கள் எல்லாம் புலியைப் பற்றித்தான் கேட்டார்கள். அப்படித்தான் காசி யாத்திரை நடத்தியவர் புலி யாத்திரை நடத்துகிறவர் ஆனார்.

"திரை வெலகினா கண்ணை மூடணும்னு நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். தொட்டில்லேருந்து பழக்கம். கண்ணைத் திறந்து வச்சுக்கோ, வாயை மூடிண்டு மிண்டாம இரு, கையை ஆட்டாதேன்னு சொல்லிக்குடுக்கத்தான் ஆள் வேணும்" என்றார்.

"நீங்களும் வால்தான் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான் அப்போ டிரைவர்கிட்டப் பேசிண்டிருந்தேன்" என்றார்.

ஒத்திகை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகு புலி சில முறை வந்திருக்கிறது. இடிந்த மண்டபம் ஒன்றின் படியில் அரசர் மாதிரிப் படுத்திருந்ததை ஒரு குழு ஆற அமரப் பார்த்துவிட்டு வந்தது. கோட்டையையும் புலியையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டோம், செலவு மிச்சம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்போதெல்லாம் நாகேஸ்வரன் வண்டியின் முன் சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, யார் கையாவது வெளியே வருகிறதா என்று காவல் காத்துக்கொண்டிருந்தாராம்.

ஒத்திகையில் கையை வெளியே எடுத்தவர்களுக்கும் சத்தம் போட்டவர்களுக்கும் காட்டில் கடைசி வரிசை. மேல்முறையீடு கிடையாது. ஒரு கல்லூரியின் முன்னாள் முதல்வர் அம்மா, 'நாராயணா' என்று ஒரே ஒரு தடவை சொன்னதற்குக் கடைசி வரிசைக்குப் போனார். கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிவதாணுப் பிள்ளை தொண்டையைச் செருமியதற்குப் போனார். "புலியும் செருமும்லா, அதுக்கு மட்டும் என்ன வரிசை?" என்று பிள்ளை கேட்டுப் பார்த்தார். நாகேஸ்வரன் அசையவில்லை. பிள்ளைக்கு அதில் வருத்தமும் இல்லை. இந்த வருஷமும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, வரும்போதே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இனி ஜெயலக்ஷ்மி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகேஸ்வரனின் மனைவி. அவர் இல்லாவிட்டால் இந்தச் சுற்றுலா ஊர் எல்லையிலுள்ள கழக்கூட்டத்தைக்கூடத் தாண்டாது.

குழுவில் யாரும் வெளியே சாப்பிட மாட்டார்கள். அதனால் பாத்திரங்கள், அடுப்பு, பொடி டப்பாக்கள் எல்லாம் அடங்கிய பெரிய தகரப் பெட்டி ஒன்று கூடவே பயணம் செய்கிறது. அதன் சாவி மாமியின் முந்தானையில் முடிச்சுப் போட்டிருக்கும். ஊரில் எந்தப் புடவை கட்டினாலும் அந்த முடிச்சு உண்டு, ரயிலில் தூங்கும்போது அது அவர் கைக்குள்தான் இருக்கும். ஒருவரிடமும் கொடுத்ததில்லை. கொடுக்கவும் ஆள் இல்லை, ஏனென்றால் நாகேஸ்வரனுக்குக் காப்பி கலக்கக்கூடத் தெரியாது. ரண்தம்போரில் மற்றவர்கள் விடியற்காலையில் காட்டுக்குப் போய்விடுவார்கள். மாமி, குழு தங்கும் தர்மசாலையின் பின்கட்டில் வெண்பொங்கலும் கொத்சும் செய்துகொண்டிருப்பார். பசியோடு திரும்பி வருகிறவர்கள் புலி வந்த கதையை அவரிடம்தான் முதலில் சொல்வார்கள். 'மாமி, நீங்க வந்திருக்கணும்' என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுவார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, மாமி காப்பியை என் முன்னால் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த வருஷம் நானும் காட்டுக்கு வரேன்."

நாகேஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார். "பின்னே பொங்கல்?"

"தாஜ்மஹால் ஓடாது, புலிதான் ஓடும்னு ஊரெல்லாம் சொல்லறேளே. பொங்கலும் ஓடாது."

"அதில்லே ஜெயா. திரும்பி வரத்துக்கு எல்லாருக்கும் பசிக்கும். யாரு பண்ணுவா?"

"அது எனக்குத் தெரியாது. நான் புலி பாக்கணும். அவ்வளவுதான்." என் பக்கம் திரும்பினார். "கேளுங்கோ சார். இத்தனை வருஷம் புலி காட்டறேன், புலி காட்டறேன்னு நடக்கறாரே, இவரும் ஒரு புலி பாத்ததில்லே. ஆனா இவருக்கு முன் சீட்டு உண்டு. எனக்கு அதுவும் இல்லே."

நாகேஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஒத்திகைக்கு வா. அதுல பாஸானா வண்டியில இடம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணு" என்றார்.

"மத்தவா தோத்தாக் கடைசி வரிசை. நான் தோத்தா அடுப்பா?"

அவர் டம்ளரை எடுத்து மீதிக் காப்பியைக் குடித்தார். எனக்குக் கோபமாக வந்தது. காப்பி நன்றாக இருந்தது என்பது அந்தக் கோபத்தைக் கூட்டியது.

மாமி தோற்பது நிச்சயம் என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். ஏனென்றால் கரமனையிலேயே அதிகமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் அவர். கோயில் மணி கேட்டால் போட்டுக்கொள்வார். ஆம்புலன்ஸ் போனால் போட்டுக்கொள்வார். அடுத்த வீட்டுப் பெண் பாஸானால், தவற இருந்த ரயில் கிடைத்தால், காணாமல் போன மூக்குக்கண்ணாடி அகப்பட்டால் போட்டுக்கொள்வார். போன கரண்ட் திரும்பி வந்தாலும் போட்டுக்கொள்வார். மின்வாரியக்காரரின் மனைவிக்கு அது நியாயம்தான். இப்படிப்பட்டவரைப் புலிக்கு எதிரே கையைக் கட்டி உட்கார வைப்பது நடக்கிற காரியமா?

ஆனால் மாமி தனியாக ஒத்திகை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் கரமனையில் இருந்து கிழக்கே கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். பெண்கள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பியைக்கூடப் பிடிக்காமல், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி வைத்திருந்தார். பஸ் பழவங்காடியைத் தாண்டியது. பஸ்ஸில் இருந்த பாதிப் பேரின் கைகள் எழும்பிக் கன்னத்துக்குப் போயின. மாமியின் தோள் மட்டும் ஒருமுறை தூக்கிப்போட்டது. கண் திறந்தே இருந்தது. உதடு இறுகியிருந்தது.

இறங்கும்போது, "பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டாரா மாமி?" என்று கேட்டேன்.

"அவர்கிட்ட சொல்லியாச்சு. திரும்பி வந்து தேங்கா உடைக்கறேன், அதுவரைக்கும் எனக்கு லீவுன்னு."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல்லே. சம்மதம்தான்."

சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. "சார், கதை கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் காடு மனப்பாடம். எந்தத் திருப்பத்துல மயில் நிக்கும், எந்த மண்டபம் இடிஞ்சிருக்கும்னு எல்லாம் சொல்லுவேன். ஆனா ஒண்ணும் பாத்ததில்லே. ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் எத்தனை வருஷம் வேணும்னாலும் பொங்கல் பண்ணுவேன்" என்றார். சொல்லிவிட்டுச் சாலைக் கடைத்தெருப் பக்கம் நடந்து போய்விட்டார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று நான் முழு மனதோடு ஆசைப்பட்டேன்.

மாமி ஒத்திகைக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். ஒத்திகையைப் பார்ப்பதற்கு எனக்கு அனுமதி உண்டு, பெஞ்சுக்குப் பக்கத்து மரத்தடியில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. மாமி இரண்டாவது வரிசையின் ஓரத்தில், மங்கலான பழுப்புப் புடவையில் உட்கார்ந்திருந்தார். வேலியின் ஓரமாகக் காவலாளி நேசையன் வந்தார். நாகேஸ்வரன் குழுவை அவர் பல வருஷமாகப் பார்க்கிறவர்.

"சாமி, அவன் இன்னைக்கு நல்ல உறக்கத்துல கிடக்கான். வருவான்னு தோணல்ல" என்றார்.

"கொழப்பமில்லே, தூங்கட்டும். நமக்குக் கைதான் முக்கியம்" என்றார் நாகேஸ்வரன்.

ஒத்திகை தொடங்கியது. தூரத்தில் ஏதோ ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது. புலி, வேலிக்குள் வெட்டியிருந்த பள்ளத்துக்கு அப்பால் மூங்கில் நிழலில், முதுகு மட்டும் தெரியும்படி படுத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அன்று ஒருவரும் புலியைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கடைக்கண்ணும் மாமியின் கைகளில் இருந்தது. நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாகேஸ்வரனிடம் ஒரு தந்திரம் உண்டு. எல்லோரும் அமைதியில் சற்று அசந்திருக்கும்போது திடீரென்று, "வந்தாச்சு" என்பார். உற்சவத்தில் சுவாமி தெருமுனை திரும்பும்போது வீட்டுக்கு வீடு சொல்வார்களே, அதே குரலில். கல்லூரி முன்னாள் முதல்வர் அம்மா தோற்றது அந்த இடத்தில்தான். அன்றும் சொன்னார். முதல் வரிசையில் ஒருவரின் வலது கை பாதி வெளியே வந்துவிட்டது. மாமியின் தோள் குலுங்கியது. கழுத்து நரம்பு தெரிந்தது. கை வரவில்லை.

நாகேஸ்வரனின் முகத்தில் ஒரு ஏமாற்றம் ஓடியதா, சந்தோஷம் ஓடியதா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கலந்த மாதிரி இருந்தது. தர்மசாலையின் பின்கட்டு அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்பியவர்போல மாமியின் கைகளையே உற்றுப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மூங்கில் நிழலில் படுத்திருந்தது எழுந்தது. சோம்பல் முறித்தது. யாரும் கூப்பிடாமலே மெதுவாக இறங்கி, பள்ளத்தின் விளிம்பை ஒட்டி நடந்து, நாகேஸ்வரனின் முதுகுக்கு நேர் பின்னால் வந்து நின்றது. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி புலியைப் பார்த்தார். கூண்டுப் புலிதான். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவர் அந்த வேலிக்குள் புலிகளைச் சின்ன வயதில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருப்பார். ஆனால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல், கண்ணை மூடாமல், வந்து நிற்கும் ஒன்றை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. கண் விரிந்தது. வாய் லேசாகத் திறந்தது. முகத்தில் இருந்த இறுக்கம் எல்லாம் கழன்று விழுந்து, நான் பார்த்தே இராத ஒரு முகம் அங்கே இருந்தது.

நாகேஸ்வரன் கைகளில் இருந்து பார்வையை உயர்த்தி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். இவள் எதைப் பார்க்கிறாள் என்று அறிந்துகொள்ளும் ஆசை அவருக்கு வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, ஒத்திகையின் நடுவில், திரும்பினார்.

புலி அவரை நேருக்கு நேர் பார்த்தது.

"பிள்ளையாரப்பா" என்றார் நாகேஸ்வரன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த அமைதியில் அது அப்பளம் நொறுங்குவதுபோல் கேட்டது. தொப்பி கீழே விழுந்தது.

புலி ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பி நடந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது மூங்கிலுக்குப் பின்னால் வால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. எல்லாக் கைகளும் தொடைக்கு அடியிலேயே இருந்தன. கடைசி வரிசையில் இருந்து சிவதாணுப் பிள்ளையின் குரல் வந்தது.

"சாமி, இங்க வரைக்கும் கேட்டுது."

அதற்குப் பிறகுதான் சிரிப்பு. முதலில் நேசையன் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். சிலர் சிரித்துக்கொண்டே கையை எடுத்து உதறிக்கொண்டார்கள், ரத்த ஓட்டம் நின்று மரத்துப்போயிருந்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. புலி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகேஸ்வரன் குனிந்து தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டினார். தலையில் வைத்துக்கொள்ளாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மியூசியம் இறக்கத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே இறங்கினார்கள். நாகேஸ்வரன் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். மாமி அவருக்கு ஓரடி பின்னால் வந்தார். கேட்டுக்கு வெளியே வந்து ஆட்டோவுக்காகக் காத்து நின்றபோது குழுவில் ஒருவர் ஆறுதலாக, "லீடர் இல்லாம எப்படி சார்? நீங்க முன் சீட்டுலயே வாங்கோ" என்றார்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணு" என்றார் நாகேஸ்வரன்.

"அப்போ கடைசி வரிசையா?" என்றார் சிவதாணுப் பிள்ளை. "வாரும், எனக்கும் பேச்சுத் துணையாச்சு."

நாகேஸ்வரன் அது இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி வலது கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க.

மாமிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியுமோ உங்களுக்கு?" என்றார்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். கையை மடக்கவில்லை.

மாமி முந்தானையை முன்னால் இழுத்துச் சாவி முடிச்சை எடுத்தார். காலையில் இறுக்கிப் போட்ட முடிச்சு. நகத்தால் நெம்பிப் பார்த்தார், நெகிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். ஆட்டோ ஒன்று வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. நாகேஸ்வரன் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.